எந்தக் கிளைடர் என்று கேட்கும் கருவி

கண்ணாடிக்கடைக்காரருக்கு எதையும் இரண்டிரண்டாக வைத்துப் பார்த்துத்தான் பழக்கம். கடைக்கு வருகிறவர்களின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருந்துச்சா?" என்று பாதி ஆயுளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் கிளைடர் கிளப்பில் புதுக் கருவிகள் வாங்கும் பேச்சு வந்ததும், தேர்ந்தெடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டினார்கள். பொதுவாக இப்படிப்பட்ட வேலைகளிலிருந்து நழுவிவிடும் மனிதர், இதற்கு மட்டும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

காரணம் அவர் மனைவி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கிளப்பில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் பறக்கக் கற்றுக்கொண்டாள். அவருடைய இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, இனிமேல் தனியாகப் பறக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன வருடம் அது. "உங்களக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணுமில்ல?" என்று சொல்லிக்கொண்டு சேர்ந்தவள், இப்போது கிளப்பில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. இந்த வெயில் காலம் முடிவதற்குள் ஒற்றை இருக்கைக் கிளைடரில் முந்நூறு கிலோமீட்டர் முக்கோணப் பாதை ஒன்றைத் தனியாகச் சுற்றி வரப்போகிறாள். அவர் தேர்ந்தெடுக்கும் கருவிதான் அவள் முழங்காலுக்கு மேலே இருக்கும்.

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. ஓடுபாதையின் மறுமுனையில் நிற்கும் வின்ச் என்ற இழுவை இயந்திரம் நீளக் கம்பியால் இழுத்து உயரே ஏற்றி விட்டுவிடும். அப்புறம் சூடான தரையிலிருந்து கிளம்பும் காற்றைத் தேடிப் பிடித்து, அதற்குள் வட்டமடித்து ஏறி, ஏறிய உயரத்தைச் செலவழித்துக்கொண்டே முன்னால் போகவேண்டும். கையிருப்பு உயரத்தில் வீடு வந்து சேர முடியுமா என்பதுதான் ஒவ்வொரு நாளும் கடைசிக் கேள்வி. புதுக் கருவிகள் அதற்கு ஒரே ஒரு எண்ணில் பதில் சொல்லும். கூட்டல் இருநூறு என்றால், மைதானத்துக்குமேல் இருநூறு மீட்டர் மிச்சத்தோடு வந்து சேரலாம். கழித்தல் என்றால் வழியில் ஏதாவது வயலைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். போன வருடம் ஒரு உறுப்பினர் அந்த எண்ணையே கண்ணாகப் பார்த்துக்கொண்டு வந்து, மைதானத்துக்கு ஒரு வேலி முன்னால் விழுந்தார். இன்னும் ஊன்றுகோலோடுதான் வருகிறார். அவர் நடந்து வரும் சத்தம் கேட்டாலே கண்ணாடிக்கடைக்காரர் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவார்.

கிளைடர்களை நிறுத்தும் ஹாங்கரின் பின்பக்க அறையில், பாராசூட் பைகளுக்கு நடுவில் இருந்த மேசையில் இரண்டு கருவிகள் வந்து உட்கார்ந்தன. ஒன்று பெரிய வண்ணத்திரை. வரைபடம், தடைசெய்யப்பட்ட வான்பகுதி, காற்றின் திசை, இறங்கத் தோதான வயல்கள் என்று அதில் இல்லாததே இல்லை. மற்றது உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளைத் திரை. அதை ஒவ்வொரு முறை போடும்போதும் மூன்று கேள்வி கேட்கும். எந்தக் கிளைடர்? எத்தனை பேர்? நிற்கும் தரை எவ்வளவு உயரம்? மூன்றுக்கும் பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. நேற்றுச் சொன்னதை இன்று நினைவில் வைத்துக்கொள்ளவும் செய்யாது.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மச்சினன் இரண்டுக்கும் உடனே பெயர் வைத்துவிட்டான். "இது சினிமா. அது மாமியார்."

"யாரு மாமியாரு? என் மாமியாரா, உன் மாமியாரா?" என்றாள் டீச்சர்.

"அக்கா, எல்லா மாமியாரும்தான். வாசல்லயே நிறுத்தி வெச்சு, எங்க போன, யார் கூடப் போன, எப்ப வருவன்னு கேக்குது பாரு. மாமா, இதெல்லாம் ஒரு கருவியா? சினிமாவ எடுங்க."

மாமா இரண்டையும் வெளியே எடுத்துப்போய் உச்சி வெயிலில் நிறுத்தினார். கடையிலிருந்து கொண்டுவந்த நாலு விதக் குளிர்கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, இரண்டு திரையையும் மாறிமாறிப் பார்த்தார். கண்கூச்சத்தைத் தடுக்கும் போலராய்டு கண்ணாடியோடு தலையைக் கொஞ்சம் சாய்த்தபோது மாமியார் முகம் மொத்தமாக இருண்டுபோனது. சினிமா எந்தக் கோணத்திலும் பளிச்சென்று நின்றது.

"பாத்தீங்களா, மாமியார் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு," என்று மச்சினன் கைதட்டினான்.

அத்தோடு அவர் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஒரு வாரம் மாலையெல்லாம் ஒற்றை இருக்கைக் கிளைடருக்குள் உட்கார்ந்து, சினிமாவை மனைவிக்குத் தோதாக அமைத்தார். பக்கத்தில் இருக்கும் எழுத்து அவளுக்குக் கொஞ்சம் மங்கத் தொடங்கியிருந்தது; அந்த விவரம் அவருக்குத்தானே தெரியும். எழுத்தின் அளவு, எண்ணின் தடிமன், எந்த மூலையில் எது என்று புதுவீட்டில் சாமான் அடுக்குவதைப்போல அடுக்கினார். கிளப்பில் பழைய விதி ஒன்று உண்டு. எல்லாக் கிளைடரிலும் கருவிப்பலகை ஒரே மாதிரி இருக்கவேண்டும். யார் எதில் ஏறினாலும் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகவேண்டும், கண் தேடக்கூடாது. எனவே அந்த அமைப்பை அப்படியே ஒரு மெமரி கார்டில் ஏற்றி, சோதனைக்குப் போகும் இரட்டை இருக்கைக் கிளைடருக்காக வரவழைத்த இன்னொரு சினிமாத் திரைக்கு மாற்றினார். கார்டைச் செருகினார், ஆம் என்று அழுத்தினார், முடிந்தது.

சோதனைக்கும் கிளப்பில் ஒரு முறை இருந்தது. முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த தானியக் கிடங்குகள்வரை போய், புதுக் கருவி சொல்லும் எண்ணை நம்பித் திரும்பி வரவேண்டும். முன்னால் இருப்பவருக்குத்தான் திரை. பின்னால் இருப்பவருக்குப் பழைய வட்டக் கருவிகளும் ஜன்னலும் மட்டும். கருவி சரியா என்று அவர் தன் கண்ணால் பார்த்துச் சொல்லவேண்டும். டீச்சர் முன்னால், அவர் பின்னால்.

"பின்னாடி உக்காந்து பிரேக் போடுறது எனக்குக் கேக்கும், சொல்லிட்டேன்," என்றாள் பட்டையை இறுக்கிக்கொண்டே. "என்கிட்டக் கத்துக்க வர்ற பசங்களோட அப்பாக்கள் இப்படித்தான், காலை அமுக்கி அமுக்கியே கார்த் தரைய ஓட்டையாக்கிடுவாங்க."

கிடங்குகள்வரை நன்றாகத்தான் போனார்கள். அன்றைய காற்று தாராளமாக இருந்தது. அவற்றின்மேல் ஆயிரம் மீட்டர் உயரத்தில் அவள் கிளைடரின் மூக்கைத் திருப்பி, "கூட்டல் இருநூத்தம்பது. வீட்டுக்குப் போறோம்," என்று உரக்கச் சொன்னாள். மைதானத்துக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைத் தண்ணீர்த் தொட்டி தூரத்துப் புகைமூட்டத்தில் ஒரு அரிசிமணி போலத் தெரிந்தது. கண்ணாடி மூடிக்கு வெளியே காற்று, மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ பேசுவதைப்போல முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்: "ஊசி என்ன சொல்லுது?"

காற்று தூக்குகிறதா இறக்குகிறதா என்று காட்டும் வட்டக் கருவியைத்தான் கேட்டாள். "எப்பவும் இறங்குற அளவுதான். காத்து சும்மாதான் இருக்கு."

"சும்மா இருக்கிற காத்துல நம்பர் அசையக் கூடாதுங்க. இது ஒழுகுது. இருநூத்தம்பது இருநூறாச்சு, இப்ப நூத்தம்பதுக்கு வந்துடுச்சு. ஓட்டை பக்கெட்டு மாதிரி."

"வழியில ஏதாவது கெட்ட காத்து..."

"இப்பத்தானே சும்மா இருக்குன்னீங்க?"

உண்மையில் அவர் கண்ணும் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. சோதனை முறைப்படி அதை அவர் முன்பே சொல்லியிருக்கவேண்டும். தானே பார்த்துப் பார்த்து அமைத்த திரை தப்பாக இருக்காது என்ற எண்ணம் நாக்கைக் கட்டிப்போட்டிருந்தது.

"தொட்டி எங்க இருக்கு, முன்கண்ணாடியில?" என்றாள் அவள், நேராக அதையே பிடித்தவள்போல.

"மேல ஏறிட்டிருக்கு," என்றார்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. கண்ணாடியில கீழ இறங்குற இடத்த நாம தாண்டிப் போயிடுவோம். மேல ஏறுற இடத்துக்குப் போய்ச் சேரவே மாட்டோம். அசையாம நிக்குது பாருங்க, அதான் நாம போய் விழற இடம்." அவள் விரலால் காட்டினாள். மைதானத்துக்கு வெகு முன்னால் ஒரு கால்வாய், இரண்டு பக்கமும் மின்கம்பிகள். அந்த இடம் கண்ணாடியில் ஒட்டிவைத்த பொட்டுமாதிரி ஆடாமல் நின்றது. "சரி. சோதனை முடிஞ்சுது. இனிமே அந்த நம்பரப் பத்தி யாரும் பேசவேணாம்."

அவள் குரலில் அவசரம் துளியும் இல்லை. நாற்சந்தியில் வண்டியை அணைத்துவிட்டு நிற்கும் மாணவனிடம் அவள் பேசும் குரல் அது. "வலப்பக்கம் அறுத்த வயல் தெரியுதா? கம்பி இல்ல, பள்ளம் இல்ல. முந்நூறு மீட்டருக்கு வந்துட்டா அங்க இறங்குறோம். அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது. அதுவரைக்கும் தேடலாம்."

வயலைத் தாண்டாமல், அதைச் சுற்றியே அவள் கிளைடரை மெதுவாகக் கொண்டுபோனாள். பின்னாலிருந்து அவருக்கு அவள் கழுத்தும், வெயிலில் வெளுத்த தொப்பியும் மட்டும் தெரிந்தன. தொப்பி இடம் வலமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. தகரக்கூரை போட்ட கொட்டகை வரிசை ஒன்றின்மேல் அது நின்றது.

"அங்க பாருங்க."

முதலில் காற்றில் காகிதத்துண்டுகள் பறப்பதாகத்தான் நினைத்தார். பிறகுதான் அந்தத் துண்டுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றுவது புரிந்தது. நாரைகள். வெள்ளை உடல், சிறகின் ஓரம் கறுப்பு. ஐம்பதா, இருநூறா, எண்ணுவதற்குள் கலைந்து மறுபடி சேர்ந்தன. ஒன்றுகூடச் சிறகை அடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூணைச் சுற்றிப் படிக்கட்டு கட்டியதைப்போல, கீழிருந்து மேலே, அடுக்கு அடுக்காக ஏறிக்கொண்டிருந்தன.

"இடப்பக்கமா சுத்துறாங்க," என்றாள் டீச்சர். "முதல்ல வந்தவங்க அவங்கதானே. நாமளும் இடப்பக்கம்தான்."

ஒரே காற்றில் இரண்டு கிளைடர்கள் சேரும்போது, முதலில் வந்தவர் சுற்றும் பக்கமே இரண்டாமவரும் சுற்றவேண்டும் என்பது எல்லாக் கிளப்பிலும் உள்ள சட்டம். பறவைகளுக்கும் அந்தச் சட்டத்தைப் பார்ப்பாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கிளைடர் சரிந்தது. இருக்கை ஒருமுறை அடியிலிருந்து முட்டியது. வட்டக் கருவியின் சத்தம் ஒற்றை முனகலிலிருந்து விட்டுவிட்டு ஒலிக்கத் தொடங்கி, பிறகு வேகம் பிடித்தது. ஊசி எழுந்து மேல்பக்கம் சாய்ந்து நின்றது.

நாரைகள் விலகவில்லை. ஒன்று இறக்கை நுனிக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்ற தூரத்தில் வந்தது. அதன் நீண்ட சிவந்த கால்கள் பின்னால் ஒட்டிக் கிடந்தன. சிறகின் கடைசி இறகுகள் விரல்களைப்போலத் தனித்தனியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அது தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. கடையில் தினமும் எத்தனையோ கண்களை உற்றுப் பார்க்கிறவர். தன்னை அளவெடுக்கும் ஒரு கண்ணை அவர் அன்றுதான் பார்த்தார். அதில் பயமும் இல்லை, ஆர்வமும் இல்லை. இந்தத் தடிமனான வெள்ளைப் பறவை இடம் தெரிந்து சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டது.

கீழே தகரக்கூரைகள் சுருங்கின. கால்வாய் நூலானது. அவர்களுக்கு மேலேயும் கீழேயும் பறவைகள் சுற்றின. நடுவில் அவர் மனைவி இரண்டு விரலால் ஓட்டும் குச்சியைப் பிடித்து, அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லோரையும் ஒரே காற்று தூக்கியது. வீட்டில் தினமும் வண்டிச்சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் இவள்தானா என்று இருந்தது அவருக்கு. பேசினால் கலைந்துவிடும் என்பதுபோல மூச்சையும் அடக்கி உட்கார்ந்திருந்தார்.

அந்த அமைதியில்தான் அவருக்கு விளங்கியது. மெமரி கார்டு. எழுத்தின் அளவையும் மூலைகளையும் மட்டுமா அது தூக்கிக்கொண்டு வந்தது? ஒற்றைக் கிளைடர் ஒல்லியானது. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் நாற்பது மீட்டர் போய்விடும். இந்த இரட்டை இருக்கைக் கிழடு முப்பதைக்கூடத் தொடாது. இது எவ்வளவு தூரம் மிதக்கும் என்ற கணக்கையும் அல்லவா அந்தக் கார்டு மாற்றி எழுதியிருக்கும்! திரை பொய் சொல்லவில்லை. தான் ஒற்றைக் கிளைடரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, இத்தனை நேரமும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"இது நான் செஞ்ச வேலை," என்றார். கார்டு விஷயத்தைச் சொன்னார்.

முன்னால் தொப்பி குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. "அப்ப அதுவும் உங்க கடைக்கு வர்ற ஆளுங்க மாதிரிதான். அடுத்தவங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் தெளிவாத் தெரியுதுன்னு சொல்லியிருக்கு."

பறவைகளைவிட்டுப் பிரிந்து, தாராளமான உயரத்தோடு மைதானத்துக்கு வந்து இறங்கினார்கள். சக்கரம் தரையைத் தொட்டு ஓடி நின்றபிறகும் அவர் உடனே பட்டையை அவிழ்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து மாமியாரைத்தான் எடுக்கவேண்டும் என்றார். மச்சினன் துள்ளி எழுந்தான். "மாமா, இது அநியாயம். சினிமா மேல தப்பே இல்ல. தப்பு உங்க மேல!"

"அதத்தான் நானும் சொல்றேன். மிஷின் மேல ஒரு தப்பும் இல்ல. மறக்காத ஆளுக்கு அது நல்ல மிஷின். நம்ம கிளப்புல மறக்காத ஆளு யாரு, கை தூக்குங்க."

மச்சினன் மட்டும் கை தூக்கினான்.

"போன மாசம், தரையில தள்ள மாட்டின வால் சக்கரத்தக் கழட்டாமயே ஏறினது யாருப்பா?" என்றார் ஊன்றுகோல்காரர் மூலையிலிருந்து. கை இறங்கியது.

"சரி, அந்தக் கறுப்புக் கண்ணாடி போட்டா மூஞ்சி இருண்டு போகுதே, அதுக்கு என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டார் செயலாளரம்மா. மாட்டு டாக்டர், எதையும் கேட்காமல் விடமாட்டார்.

"திரைய மாத்த முடியாது. கண்ணாடிய மாத்தலாம். அது என் கடை வேலை. எல்லாருக்கும் போலராய்டு இல்லாத கண்ணாடி நான் பண்ணித் தரேன்."

"அக்காவுக்கும் மாமியாருக்கும் சண்ட வராம இருக்க மாமா கண்ணாடி மாட்டிவிடுறாரு," என்று மச்சினன் முணுமுணுத்தான். அவனும்தான் பிறகு கிளப்பின் மூன்று கிளைடரிலும் கருவியைப் பொருத்தக் கூடவே படுத்து, குப்புறக் கிடந்து, இடுக்கில் கையைவிட்டு, முழங்கை சிராய்த்துக்கொண்டான். அந்தக் கருவி தானியக் கிடங்குகள்வரை போய்வந்த நாளில் எண் ஒரு முடியளவுக்குமேல் நகரவில்லை.

வெயில் காலத்தின் கடைசி நல்ல நாள் என்று எல்லோரும் சொன்ன காலையில், டீச்சர் ஒற்றைக் கிளைடருக்குள் தன்னைச் செருகிக்கொண்டாள். அவர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரை விழித்துக் கேள்வி கேட்டது. அவள் ஊருக்கே கேட்கும்படி பதில் சொன்னாள்: "எந்தக் கிளைடரா? ஒத்தைக் கிளைடர்மா. எத்தனை பேரா? நான் மட்டும்தான், அவர விட்டுட்டுப் போறேன். தரை உயரமா, இந்தா." பிறகு மூடியை இறக்கினாள். கம்பி இறுகியது. அவர் கையிலிருந்து இறக்கை நழுவியது.

அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு மேகம் கரைவதைப் பார்த்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி மூடிகளைத் துடைத்தார். முதல் திருப்பத்தில் ரேடியோவில் ஒருமுறை பேசினாள், இரண்டாவதில் ஒருமுறை. அதற்குப்பின் நெடுநேரம் இரைச்சல் மட்டும்தான். மச்சினன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவனும் ஒரு துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான்.

வெயில் சாயத் தொடங்கியபோது ரேடியோ கரகரத்தது. "கிடங்கு தாண்டியாச்சு. கூட்டல் முந்நூறு. நம்பர் நிக்குதுங்க. அசையவே இல்ல."

அவர் எழுந்து ஓடுபாதை ஓரத்துக்குப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குமேல் இரண்டு விரல்கடை உயரத்தில் வானம் வெறுமையாக இருந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு அங்கே ஒரு புள்ளி. இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை, ஏறவில்லை, இறங்கவில்லை. யாரோ வானத்தில் பேனாவை ஒருமுறை தொட்டு எடுத்ததைப்போல ஒரே இடத்தில் நின்றது.

"என்ன மாமா, நகரவே மாட்டேங்குது?" என்றான் பின்னால் வந்த மச்சினன். "நின்னுடுச்சா?"

"நிக்கட்டும்," என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "நம்மளப் பாத்து வந்தா அப்படித்தான் தெரியும்."

புள்ளி நின்ற இடத்திலேயே நின்று, மெல்லிய கோடாயிற்று. கோட்டுக்கு இரண்டு பக்கமும் இறக்கை முளைத்தது. அப்போதும் அது அசையவில்லை. பெரிதாகிக்கொண்டு மட்டும் இருந்தது.